எந்தப் பக்கம் எழுதுவது

ஆடி. மெத்தை ஓடாத மாதம்.
கலியாணம் இல்லாத ஊரில்
யார் வாங்குவார் புது மெத்தை?
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்,
கொக்குவில் சந்தியில் எங்கள் கடையில்
பொலித்தீன் கழற்றாத இருபத்தேழும்
சுவரில் சாய்ந்து
நின்றபடியே தூங்குகின்றன.

விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய நாற்பதாயிரத்தை
நடுவால் கிழித்தோம்:
பாதி மரியநேசனின் ஓட்டோவுக்கு,
பாதி கேதீஸின் தொலைபேசிக்கு.

ஓட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கி.
குரல் என்னுடையது.
இரவு பதினொன்றுக்கு மின்விசிறியை நிறுத்தி
மெத்தைகளுக்கு நடுவில் இருந்து பதிந்தது.
எதிரொலி வராது என்றான் கேதீஸ்.
அடுத்த நாள் தாவடியில்
யாரோ ஒருத்தி என்னைக் கடந்துபோனாள்,
"நாரிப்பிடிப்பா? நித்திரை இல்லையா?" என்று
ஊரையே விசாரித்தபடி.
இல்லை என்றேன்.

கேதீஸின் வேலை சத்தமில்லாதது.
இருபத்தைந்திலிருந்து அறுபது வயது,
கடையைச் சுற்றிப் பத்து மைல்,
வீட்டுச் சாமானில் ஆர்வமுள்ளோர்.
ஆட்களை அரித்தெடுக்கலாமாம், மாவைப்போல.
விடியமுன் நானூற்றுப் பன்னிரண்டு இதயங்கள்.
மச்சான் மச்சானுக்குப் பகிர்ந்ததில்
பத்து மைல் ஸ்காபரோ வரை நீண்டது.
ஒஸ்லோவில் இருந்து ஒரு கைகூப்பல்.
மெத்தையைப் பார்த்து ஏன் கும்பிட்டார் என்று
இன்றுவரை தெரியாது.
கடைக்கு வந்தது ஒரேயொருவர்.
ஐயாயிரம் ரூபாய்த் தாள் மாற்ற.

புதன்கிழமை கோண்டாவிலில்
ஒரு ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி.
"நித்திரை இல்"
அந்த இடத்தில் மரியநேசன் என்னை நிறுத்தினான்.
எஞ்சினையும் நிறுத்தினான்.
பந்தல் தாண்டிச் சந்தி வரைக்கும்
ஓட்டோவைத் தள்ளிக்கொண்டே போனானாம்.
அந்த இருபது நிமிடத்துக்குக்
காசு கழிக்கச் சொன்னான்.

அதே வீட்டு மரண அறிவித்தல்
தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது.
பிறந்த இடம், வதிவிடம்,
ரொறன்ரோ, சூரிச், லண்டன் என்று பிள்ளைகள்,
தகனம் எத்தனை மணிக்கு என்பது வரை.
அதற்குக் கீழே, ஒரு விரல் இடைவெளியில்,
எங்கள் மெத்தை.
'நிம்மதியான நித்திரைக்கு.'
பதினைந்து வீதம் கழிவு.

நிற்பாட்டடா என்று கத்தினேன்.
கேதீஸ் தேடினான்.
வயதுக்குப் பொத்தான் இருந்தது, மைலுக்கு இருந்தது,
செத்தவீட்டைக் கண்டால் வாயை மூடு என்பதற்கு
அவன் தேடிய இடமெல்லாம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை
சவரம் செய்யாத ஒருவர் வந்து
தொலைபேசியை என் மேசையில் வைத்தார்.
மேலே அவருடைய தகப்பன்,
கீழே எங்கள் மெத்தை.
எழும்பி நின்றேன். மன்னிப்பு
தொண்டை வரை வந்துவிட்டது.

"மூண்டு வேணும்," என்றார்.
"அக்காவையள் வந்து நிக்கினம்.
அந்தியேட்டி மட்டும் நிப்பினம்.
பாயிலை படுக்கேலாது அவைக்கு."
கழிவு இப்பவும் இருக்கோ என்றும் கேட்டார்.
இருந்தது.

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு
மரியநேசன் மூன்று தரம் ஓடினான்,
ஒவ்வொரு மெத்தையாகக் கூரையில் கட்டி.
கடைசி மெத்தை ஏறும்போது வந்தவர்
அவனை உற்றுப் பார்த்தார்.
"அண்டைக்குத் தள்ளிக்கொண்டு போனது நீங்கள்தானே?"
மரியநேசன் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினான்.

இரவு கொப்பியை விரித்தேன்.
இடப்பக்கம் ஓட்டோ, வலப்பக்கம் தொலைபேசி.
மூன்றும் தன்னுடையது என்றான் கேதீஸ்,
படத்தையும் நேரத்தையும் காட்டி.
அவன் சொன்னதில் பிழையில்லை.
மரியநேசன் பங்கு கேட்கவில்லை,
புதன்கிழமைக் காசைக் கழித்தாயிற்றா
என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

நடுக்கோட்டின் மேலேயே
மூன்று என்று எழுதினேன்.
மை இரண்டு பக்கமும் ஊறியது.

இன்னும் இருபத்துநாலு நிற்கின்றன.
விளக்கை அணைத்தால்
மெத்தைகளுக்கு நடுவில் என் குரல்,
எதிரொலி இல்லாமல்,
கேட்டுக்கொண்டே இருக்கிறது அதையே.